புங்க எண்ணெயில் ஏறிய ஜீப்

எங்கள் குடும்பத்தில் ரம்மை எண்ணெயில் கொட்டிய ஒரே ஆள் என் மாமாதான். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ராணுவ முகாம் இருக்கிற திருமுல்கேரியில் எங்களோடு இருந்தார். ஏலத்தில் எடுத்த பழைய டீசல் ஜீப் ஒன்றும் இருந்தது. சின்னப் பிள்ளைகளான எங்களைக் குளிப்பாட்டச் சொன்னால் அலுத்துக்கொள்கிறவர், அதை மட்டும் தினமும் குளிப்பாட்டுவார்.

அவருடைய கடைசித் தங்கை, அதாவது என் சித்தி, அப்போதுதான் இன்ஜினீயரிங் முடித்திருந்தாள். ஊரே கம்ப்யூட்டர் பின்னால் ஓடிய காலம். அவளுக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அவளோ, புங்க எண்ணெயில் ஆல்கஹாலைக் கலந்து டீசல் இன்ஜினை ஓட்டிக் காட்டுவேன், அதைத்தான் மேலே படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தாத்தா போன பிறகு வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம்.

"கம்பெனி நக்கோ, வேணாம்னா ஒண்ணு பண்ணு. என் ஜீப்பை உன் எண்ணெயில ஓட்டு. கேம்ப் முன்னாடி இருக்கிற மேட்டுல நிக்காம ஏறுச்சுன்னா படி. நின்னுச்சுன்னா திங்கக்கிழமை ஆபீஸ்."

புங்க எண்ணெய் கெட்டி. ஆல்கஹால் சேர்ந்தால்தான் இளகி இன்ஜினுக்குள் ஒழுங்காகப் பீய்ச்சும். சித்தி கல்லூரியில் கேட்டிருந்த பியூட்டனால் என்ற ஆல்கஹால் வந்தபாடில்லை. ஆல்கஹால்தானே வேண்டும் என்று மாமா, பெரிய மனசு பண்ணி, கேன்டீன் ரம் ஒரு முழு பாட்டிலை எண்ணெயில் கவிழ்த்தார். எவ்வளவு குலுக்கியும் எண்ணெய் மேலே, ரம் கீழே.

"இதுல பாதிக்கு மேல தண்ணிண்ணா, கலக்காது" என்றாள் சித்தி. இத்தனை வருஷம் குடித்தது தண்ணீரையா என்று மாமா காலி பாட்டிலின் லேபிளைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

பிறகு பியூட்டனால் வந்தது. புது எண்ணெயில் ஊற்றிக் கலக்கியதும் இரண்டும் ஒன்றாகித் தெளிந்தன. ஞாயிறு காலை சித்தி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் மாமா, பின்னால் அம்மாவும் நானும். இரண்டு இருமல் இருமிவிட்டு ஜீப் கிளம்பியது. ஒரு கசப்பு வாசனை எங்களோடு வர, ஆள் நடக்கிற வேகத்தில் மேடு ஏறியது.

பாதி மேட்டில், ஒரு ராணுவ லாரி முகாம் கேட்டுக்குள்ளிருந்து பின்பக்கமாக ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பிரேக்கைத் தொட்டால் சித்தியின் படிப்பு போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் மாமா ஓடும் ஜீப்பிலிருந்து குதித்து, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடி, லாரிக்குப் பின்னால் கையை உயர்த்தி நின்றார்.

"ருக்கோ!"

லாரி அப்படியே நின்றது. கேட்டில் நின்ற ஜவான், யாரென்று தெரியாமலே சல்யூட் அடித்தான். மிச்சமிருந்த இடைவெளியில் எங்கள் ஜீப் புகுந்து, நிற்காமல், உச்சியைத் தாண்டியது. சித்தி கத்தினாள், அம்மா கத்தினாள், நானும் கத்தினேன். அந்த வெறியில் போலாரம்வரை போய்த்தான் திரும்பினோம்.

வழியில் மாமா தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார், வாயெல்லாம் சிரிப்பு. லாரியை அதன் போக்கில் விட்டிருந்தால் அவரே ஜெயித்திருக்கலாம். பாவம், மாமாவுக்குப் பந்தயம் கட்டத் தெரியவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.