அவர் திவாலானார், நான் ஆகவில்லை

என் கணவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்பதை அவர் வாயால் நான் கேட்கவில்லை. கோர்ட்டிலிருந்து வந்த அதிகாரி சொல்லித்தான் தெரிந்தது.

"உங்க வீட்டுக்காரர் திவால் மனு போட்டிருக்கார்மா. சாமான்களைப் பார்த்து எழுதிக்கணும்" என்றார், மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக் கூடத்தில் நின்றபடி. கூட வந்த சேவகன் அதற்குள் பித்தளை அண்டாவைத் தட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தான். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மயிலாப்பூருக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே சொந்தமாக ஒரே ஒரு பஸ் ஓட்டியவர் அவர். அரசு பஸ் வராத காலம் அது; அந்த வழியில் ஆளாளுக்கு பஸ் விட்டார்கள். போட்டியில் கட்டணம் இறங்கியது. அவர் கடன் வாங்கிச் சமாளித்தார். கடைசியில் தவணைக்கு பஸ் கொடுத்தவர்களே வந்து அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் கடன்களில் ஒன்றில் மட்டும் என் கையெழுத்தும் இருந்தது. கடற்கரைக் குப்பத்திலிருந்து வாசலுக்கு மீன் கொண்டுவரும் விதவை ஒருத்தி கொடுத்த கடன் அது. என்னைத்தான் அவளுக்குப் பழக்கம். "ஆம்பள கையெழுத்து மட்டும் வேணாம். நீயும் போடு, அப்பத்தான் துட்டு" என்று புரோநோட்டில் என்னிடமும் வாங்கியிருந்தாள்.

எப்படியோ சேதி தெரிந்து, அதிகாரி இருக்கும்போதே அவளும் வந்து நின்றாள்.

"இனிமே அவர்கிட்ட நேரா கேக்கக் கூடாதும்மா. கோர்ட்டுல பதிஞ்சுக்கோ. எல்லாருக்கும் பங்கு பிரிக்கறப்போ உனக்கும் வரும்" என்றார் அதிகாரி.

"இன்னா பங்கு? பஸ்ஸே பூட்ச்சு!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீ? நீயும் கடுதாசி குட்த்துட்டியா?"

"இல்லக்கா."

அதிகாரியின் பார்வை என் கைக்கு வந்தது. "அந்த வளையல் யாரோடது?"

கணவர் செய்து போட்டது என்றால் அது கோர்ட்டுக்குப் போகும். என் தாய்வீட்டுச் சீர் என்றால் கோர்ட் தொடாது. ஆனால் நான் பட்ட கடனுக்கு மீன்காரம்மா தொடலாம். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "அது என் அக்காவோடது. ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கினது."

அப்படியென்றால் கோர்ட்டும் தொட முடியாது, அவளும் தொட முடியாது. மீன்காரம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"இல்ல" என்றேன். "எங்கப்பா எனக்குப் போட்டது."

அதிகாரி தலையாட்டிவிட்டு, மற்றதை எழுதிக்கொண்டு போனார். என் கணவர் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"புத்தி கெட்டுப்போச்சா? அவ கேஸ் போட்டாலும், புருஷன் சொன்னான், கையெழுத்து போட்டேன், வேற ஒண்ணும் தெரியாதுன்னு நீ சொன்னா வழக்கை இழுத்தடிக்கலாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. அந்த வளையலை வெச்சுத்தான் நான் திரும்ப எழுந்திருக்கணும்!"

"கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டுத்தான் நான் போட்டேன். தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. நான் அவரைத் தாண்டி வெளியே வந்தேன்.

அன்றே மீன்காரம்மாவும் நானும் தெப்பக்குளத்தருகே ஒரு நகைக்கடையில் வளையல்களை விற்றோம். வட்டியில் ஒரு காசுகூட அவள் விடவில்லை. புரோநோட்டைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு, "நீ சொல்லுவேன்னு நான் நெனைக்கல" என்றாள்.

அவர் வெகுநாள் என்னோடு பேசவில்லை. திவாலானவருக்கு யாரும் கடன் கொடுக்கவில்லை. மளிகை, பால், வீட்டு வாடகை எல்லாம் என் பேருக்கு மாறின. வேறொருவர் பஸ்ஸில் அவர் கண்டக்டராகச் சேர்ந்தார். முதல் சம்பளத்தன்று, சோறு போட்டுக்கொண்டிருந்த என் பக்கத்தில் பணத்தை வைத்தார்.

"பால்காரனுக்குக் குடுத்துடு" என்றார்.

கொஞ்சம் தயங்கி, "நீயும் உக்காரு, சாப்பிடலாம்" என்றார். உட்கார்ந்தேன்.