முற்றத்துக்கு மேல் ஒரு கூரை

தில்லி துவாரகாவில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியை வரைந்தவர் ஒரு அமெரிக்கர். அவருடைய தில்லி அலுவலகத்தில் வரைபடம் போட்டவள் நான். அதனால் இந்தக் கட்டிடத்தை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

பனி கொட்டும் ஊரில் பிறந்தவர் அவர். ஏதோ ஒரு கட்டிட வேலைக்கென்று தில்லி வந்தார். அது பாதியில் கைவிடப்பட்டது. ஊர் திரும்பாமல் இங்கேயே ஒரு மாடியறையில் அலுவலகம் திறந்தார். கண்ணாடிச் சுவர் கேட்டவர்களிடமெல்லாம் முடியாது என்றார். பெரிய வேலைகள் கைநழுவின. கோடு போடுமுன் மனைக்கு ஒரு நாற்காலியோடு போய், நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். கட்டச் சொல்பவர்களையும் அங்கேயே வரவழைத்துப் பேசுவார். அவர் கடைசியாக வரைந்தது எங்கள் குடியிருப்புதான், நடுவில் திறந்த முற்றத்தோடு.

போன ஜூனில் அந்த முற்றத்துக்கு மேல் தகரக் கூரை போட்டு கார் நிறுத்தலாம் என்று குடியிருப்போர் சங்கம் கிளம்பியது. கூட்டத்தை முற்றத்திலேயே வைக்கச் சொன்னேன். செயலாளர் திருநெல்வேலிக்காரர்.

"ஹால்ல ஏசி இருக்குல்லா மேடம். இந்த வெயில்ல இங்கன எதுக்கு?"

"இடத்தப் பாக்காம எப்படி ஓட்டுப் போடறது? நாற்காலி நான் போடறேன்."

முழங்கால் வலியோடு நானே இழுத்துப் போட்டேன். சாயங்காலம் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். குளுகுளுவென்று இருந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன், வியர்த்தது. ஆனால் மேற்குச் சுவரின் நிழலில் காற்று வந்துகொண்டே இருந்தது. யாரும் ஹாலுக்கு ஓடவில்லை. எங்களைப் பார்த்தபடி வெயில் பக்கம் உட்கார்ந்து கூரையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்த செயலாளர், பேச்சை நிறுத்தாமலே நாற்காலியை நிழலுக்கு இழுத்துக்கொண்டார். அந்த அமெரிக்கர் மனையில் நாற்காலியோடு நகர்வதைப் போலவே இருந்தது.

கடைசியில் செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்ப முடிவு எடுக்க வேண்டாம். குளிர்ல மறுபடி பேசுவோம்."

"அச்சா," என்றேன்.

கூரை ஆசை இன்னும் அவரை விடவில்லை. ஜனவரியில் தில்லி முழுக்கத் துண்டு வெயிலுக்காக மொட்டைமாடியிலும் பார்க்கிலும் அலையும். அப்போது கூடும் கூட்டமும் இதே முற்றத்தில்தான், நாற்காலிகளையும் நானே போடுவேன். இந்தத் தடவை வெயிலில் போடுவேன்.