மருந்து கலக்குற வாளி

ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுக்குள் கடல் இருக்குமா? வியாகுலமேரி டீச்சர் வைத்திருந்தார். கூடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், பாறையில் விரல் விரலாக ஆடும் பவளங்கள், கோமாளி மீன் ஒரு ஜோடி. "திங்கவும் முடியாது, விக்கவும் முடியாது, என்ன எழவுக்கு இது?" என்று கணவர் மரியராஜே கேலி பண்ணுவார். பண்ணட்டுமே! பள்ளிக்கூடத்து இரைச்சல் எல்லாம் அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்தால்தான் டீச்சருக்கு அடங்கும்.

இந்த மழைக்காலத்தில் பவளங்கள் சுருங்கின. இறால்கள் செத்தன. தண்ணீரை ஆய்வுக்கு அனுப்பினால், பவளத்துக்கும் இறாலுக்கும் விஷமான செம்பு ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது என்று பதில் வந்தது. பாவம் அந்த மனுஷி, துருப்பிடித்த மோட்டாரைத் தூக்கி எறிந்தார், உப்பை மாற்றினார், பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டினார். செம்பு குறையும், மறுவாரமே ஏறும். மழை ஈரத்தில் தண்ணீர் வற்றாமல், தொட்டியில் மட்டத்துக்குப் போட்ட கோட்டிலேயே நிற்கிறதே, வற்றினதுக்கு நல்ல தண்ணீர் தூக்கி ஊற்றும் வேலை மிச்சம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கடைசியில் மனசு விட்டுப்போயிற்று. தேனியில் மீன் வளர்க்கும் சுரேஷ்கண்ணனுக்குப் போன் போட்டு, மிச்சம் இருக்கும் உயிர்களையாவது எடுத்துப் போகச் சொன்னார்.

காபி குடித்துக்கொண்டிருந்த மரியராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். "குடுத்துரப் போறியா? அப்ப நான் தெனமும் தண்ணி ஊத்துனது?"

"நீங்க ஊத்துனீகளா?"

"நீ பள்ளிக்கூடம் போனப்புறம் கோடு வரைக்கும் ஊத்தி வச்சிருவேன். ஒனக்கு முதுகு வலிக்குதுல்ல. நீ பிடிச்சு வச்ச சுத்தத் தண்ணிதேன்."

"எந்த வாளியில?"

"மருந்து கலக்குற வாளிதேன். கழுவிட்டு..."

டீச்சர் கொல்லைக்கு ஓடினார். கொடியில் பூஞ்சை விழாமலிருக்க மயில்துத்தம் கரைக்கிற வாளி அது. எத்தனை கழுவியும் அடியில் நீலம் போகவில்லை. மயில்துத்தம் என்றாலே செம்புதானே!

பின்னாலேயே வந்த மரியராஜுக்கு முகம் செத்துப்போயிற்று. "நாந்தேன் கொன்னேனா, மேரி?"

கோபம் வந்திருக்க வேண்டும். டீச்சருக்கு அழுகைதான் வந்தது. வாய் நிறையக் கேலி பேசிக்கொண்டு, கமுக்கமாக இப்படி ஒரு வேலை பார்த்திருக்கிறாரே இந்த மனுஷன்! போனை எடுத்தார். "தம்பி, வர வேணாம். தொட்டியப் பாத்துக்க இங்கன ஆள் இருக்கு."

தண்ணீரை மாற்றி மாற்றி, வடிகட்டியில் கரியும் போட்ட பிறகு, ஒரே ஒரு பவளம் மெல்ல விரல் நீட்டியது. மற்ற பவளங்கள் போனது போனதுதான்.

இப்போது தொட்டிக்கென்று தனியாக ஒரு வெள்ளை வாளி இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்ததும் மரியராஜ் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"பாத்துக்க மேரி. ஊத்தலாமா?"

டீச்சர் நகக்கண் வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாளியைக் கையில் கொடுக்கிறார்.