அம்மா கொடுத்த கம்பெனி

தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா என்று எட்டு மாதம் முதுகில் ஒரு பையோடு சுற்றிவிட்டு நான் ராஜபாளையம் திரும்பியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கையிருப்பு தீர்ந்தது, வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும்போதே சுமத்ராவின் அந்தப் பெரிய ஏரியைப் பற்றி அம்மாவிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் யோசனை. சுற்றிலும் மலை, நடுவில் கடல் மாதிரித் தண்ணீர். அதன் கரையில் ஒரு வீட்டில் கிடந்த நாட்களைப் போல நான் அதற்கு முன்னும் சந்தோஷமாக இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அம்மா என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“என்னலே, இம்புட்டு கறுத்துப்போயி வந்திருக்க? வழியில எவனும் பாத்தானா?”

விஷயம் அப்போதுதான் தெரிந்தது. மில் வேலையை விட்டுவிட்டு நான் ஊர் சுற்றப் போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் கப்பல் சாமான் செய்யும் கம்பெனியில் வேலை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எங்கள் பக்கம் வெளிநாடு போவதென்றால் சம்பாதிக்கத்தான். வேடிக்கை பார்க்கப் போனான் என்றால் பையனுக்கு ஏதோ கோளாறு என்பார்கள். போதாததற்கு, தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பய சும்மா சுத்திட்டு வாரான்னு தெரிஞ்சா இவள எவன் கட்டுவான்? கல்யாணம் முடியட்டும். பொறவு அம்புட்டையும் சொல்லு, உக்காந்து கேக்கேன்.”

மதுரையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த சோப்பு, தைலம், சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் என் அழுக்குப் பையில் அடுக்கினாள். மத்தியானம் தானே அடுக்கிய பையைச் சாயங்காலம் சொந்தக்காரர்கள் முன்னால் திறந்து, “அட, சென்ட்டெல்லாம் வாங்கியாந்திருக்கான்!” என்று ஆச்சரியப்பட்டாள். அந்த நடிப்புக்கு நான் கைதட்டியிருக்க வேண்டும்.

பிறகு கேள்விகள். சாப்பாடு எப்படி, மேனேஜர் எப்படி? நானும் சளைக்கவில்லை. மேனேஜருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டினேன், சர்க்கரை வியாதி கொடுத்தேன். கேன்டீன் சாம்பாரில் உப்பைக் குறைத்தேன். தங்கை கல்யாணத்துக்காக வேலையை விட்டு வந்த அண்ணன் என்று எனக்குப் பேர் வேறு. பழைய மில்லிலேயே மறுபடி சேர்ந்தேன்.

கழுவாத ஃபிலிம் சுருள்கள் மட்டும் மிச்சம். எங்கள் ஊர் ஸ்டூடியோவில் கொடுத்தால் மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடும். அம்மா அவற்றை ஒரு தகர டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். மேலே தகரக் கூரை.

கல்யாணம் இழுத்துக்கொண்டே போனது. மூன்று கோடை கழிந்துதான் முடிந்தது. மறுவாரமே சுருள்களை எடுத்துக்கொண்டு, யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டூடியோவில் கொடுத்தேன். படம் வாங்கப் போன அன்று சீக்கிரமே போய்விட்டதால், கோவில் பக்கம் நின்று பால்கோவா தின்றபடி அம்மாவிடம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ஏரியிலிருந்து ஆரம்பிப்பதென்று முடிவு.

“வெக்கையில கெட்டுப்போச்சு சார். வந்தவரைக்கும் போட்டிருக்கேன்,” என்றார் ஸ்டூடியோக்காரர்.

பஸ்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் செம்மண் புழுதி அடித்த மாதிரி மங்கல். எது ஏரி, எது தெரு என்று எனக்கே தெரியவில்லை. கண்ணை மூடி ஏரியை நினைத்துப் பார்த்தேன். அந்த மேனேஜரின் மூக்குக்கண்ணாடிதான் பளிச்சென்று வந்தது. வாய் ஓயாமல் மூன்று வருஷம் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏரி என்று வாயெடுத்தேன்.

“ஏலே, இதுல உன் கம்பெனி எது?” என்றாள்.

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தாள். இருப்பதிலேயே அதிகம் மங்கிப்போன ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினேன்.

“பெரிய கம்பெனிதான்,” என்றாள் அம்மா. “விட்டுட்டு வந்திருக்கக் கூடாதுலே.”