பத்தொன்பது நாள் முகம்

என் போனில் தக்காளிக் கூடைகளின் படம் இருக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறப் பயந்து நிற்கும் என் கணவரின் படம் இருக்கிறது. மகளின் படம் ஒன்றுகூட இல்லை. மூன்று மாதம் முடியும்வரை குழந்தையைப் போட்டோ எடுக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் அதை நம்பித்தான் வந்தவர்களின் போனையெல்லாம் கைவைத்துத் தடுத்தேன். பத்தொன்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வழக்கத்தின்மேல் இன்றும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை; கேட்டு நடந்த என்மேல் அதைவிட.

நாளாக நாளாக முகம் மறக்கத் தொடங்கியது. நான் கிளார்க்காக இருக்கும் மாரண்டஹள்ளிப் பள்ளியில் அப்போது ஓவிய மிஸ் ஒருவர் இருந்தார், என் வயதுதான். "எனக்கு வரையக் கத்துக்குடுங்க மிஸ், ஒரே ஒரு மொகம் போதும்" என்று சாப்பாட்டு வேளையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் முகம் என்று அவர் கேட்கவில்லை; பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் வரைந்ததெல்லாம் பால்பவுடர் டப்பாவில் சிரிக்கும் குழந்தையாகவே வந்தது. "கண்ணுன்னா இப்படி, மூக்குன்னா இப்படின்னு மனசுல இருக்கறதத்தான் போடறீங்க. பாக்கறத போடலீங்க" என்றார் மிஸ். ஒரு நாற்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "இது நாற்காலிங்கறதயே மறந்துடுங்க. காலுக்கு நடுவுல தெரியற எடத்த மட்டும் போடுங்க." எரிச்சலோடுதான் போட்டேன். நான்காம் நாள் காலி இடங்களை வரைந்து முடித்து நிமிர்ந்தால், தாளில் நாற்காலி நின்றது. இனி மகளும் வந்துவிடுவாள் என்று நம்பினேன்.

"பாப்பாவுக்குக் காது ஒட்டியிருந்துச்சா, வெலகியிருந்துச்சா?" என்று மறுநாள் மிஸ் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கண்ணெடுக்காமல் பார்த்தவள் நான். என் மகள், என் மகள் என்று பார்த்தேனே தவிர, காதைப் பார்க்கவில்லை. மேசையில் தலைவைத்து அழுதேன். மிஸ்ஸும் அழுதார், பாவம்.

அடுத்த வருடம் அவர் கடத்தூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நான் விடவில்லை. போன வாரம் பீரோக் கண்ணாடி முன் உட்கார்ந்து, அவளை ஏந்தியிருந்ததுபோல் இடது கையை மடித்துக்கொண்டேன். கைக்கு மறக்கவில்லை. முழங்கை மடிப்பு, புடவைச் சுருக்கம் என்று என்னை மட்டும் வரைந்தேன். நடுவே மிச்சமிருந்த வெள்ளை இடம் அவள் தலையளவே இருந்தது.

கணவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"பாப்பாதான். மொகம் போடலயா?"

"உங்களுக்காச்சும் நெனப்பிருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் அந்த வெள்ளை இடத்தில் விரல் படாமல், ஓரத்தைப் பிடித்துத் தாளை என்னிடம் திருப்பித் தந்தார்.