கூடைப் பட்டியலை நான் வாசிக்காத காலை

கண்ணுங்களா, அப்பா யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன் என்று உங்கள் அம்மா சொல்வாள். நம்பாதீர்கள். ஒருவருக்கு நினைத்தேன். செய்தும் முடித்தேன்.

தொம்மலூரில் பேக்கரிக்கு மேல் இரண்டு அறையில் நான் வேலை பார்த்த கம்பெனி தொடங்கியபோது முதலாளியோடு சேர்த்து நாங்கள் நாலு பேர். பெரிய கம்பெனிகளின் பங்குகளை வாங்கி, ஒரே கூடையாகக் கட்டி, அந்தக் கூடையின் யூனிட்டுகளைப் பங்குச்சந்தையிலேயே விற்கிற தொழில். இ.டி.எஃப். என்பார்கள். கூடையில் எந்தப் பங்கு எத்தனை என்ற பட்டியலைத் தினமும் சந்தை திறக்குமுன் வெளியிட வேண்டும். வெளி வியாபாரிகள் அதை நம்பித்தான் யூனிட்டுக்கு விலை சொல்வார்கள்.

நான் பி.யு.சி.யோடு நின்றவன். திரையில் பார்த்தால் மட்டும் எனக்கு நம்பிக்கை வராது. தாளில் எடுத்து, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி உரக்க வாசிப்பேன். எதிரே ஒருவர் டிக் போடுவார். ஒரு பிழை வெளியே போனதில்லை. "அண்ணா வாசிச்சாச்சா? அப்ப அனுப்புங்க" என்பார் முதலாளி.

வளர்ந்தோம். கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனோம். பெரிய டிரஸ்ட் ஒன்றிலிருந்து, பணம் போடுவது பற்றிப் பேச மூன்று பேர் வந்தார்கள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனு ஸ்வாமி இது, பஜனையா?" என்று கன்னடத்தில் கேலியாகக் கேட்டார் முதலாளி. வந்தவர்கள் சிரித்தார்கள். "நம்ம பழைய ஆளு சார். படிப்பு கம்மி, தொண்டை ஜாஸ்தி." பிறகு என்னிடம், "இனிமே சாஃப்ட்வேர் பாத்துக்கும். நீ சும்மா பாரு. கேட்டா மட்டும் வாயத் தொற."

அண்ணா போய் நீ வந்தாயிற்று.

நாலு மாதம் வாய் திறக்கவில்லை. அடங்கிப்போனதாக அவர் நினைத்தார். நான் காத்திருந்தேன்.

டிரஸ்ட் பணம் போட வேண்டிய நாள். ஒரு கம்பெனி தன் ஒவ்வொரு பங்கையும் பத்தாகப் பிரித்திருந்தது. கூடையில் நூறு இருந்த இடத்தில் அன்று ஆயிரம் வர வேண்டும். பட்டியலில் நூறே இருந்தது. என் ஸ்கேல் அந்த வரியில் நின்றது.

"அனுப்பலாமா?" முதலாளி கேட்டது புது மேனேஜரை. அவர் தலையாட்டினார். நான் ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தினேன்.

சந்தை திறந்ததும் எங்கள் யூனிட்டின் விலை தாறுமாறாக ஓடியது. வியாபாரிகளிடமிருந்து போன் மேல் போன். மதியத்துக்குள் டிரஸ்ட்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"உன் கண்ணுல படலியா?"

"பட்டுச்சு சார்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார்."

அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது. "கெளம்பு" என்றார். கிளம்பினேன்.

ஈஜிபுராவில் நம் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பள்ளியில் இருந்தீர்கள். அன்றைய பட்டியல் தாள் பையில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, ஸ்கேலை வைத்து முதல் வரியிலிருந்து உரக்க வாசித்தேன். அந்த வரி வந்ததும், பேனாவால் நூறை அடித்துவிட்டு, "ஆயிரம்" என்றேன்.