எல்லாமே ஆம்பளப் பூச்சி

பூச்சி பிடிக்கிற சாமான வசிய மருந்துன்னு நெனச்சி சட்டப் பைக்குள்ள வச்சிக்கிட்டுத் திரிஞ்சவன் நான். அப்ப எனக்கு மீசை மொளச்சி ரொம்ப நாளாச்சி, அதனால சின்ன வயசுன்னும் சொல்லித் தப்பிக்க முடியாது.

தொண்ணூறுகள்ல எங்க தோட்டத்துக்கு ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்தாரு. யாழ்ப்பாணத்து மனுசன், மெலிஞ்ச ஒடம்பு, வெயிலு மழை எதுன்னாலும் கையில கொடை. நாங்க அவருக்கு வச்ச பேரு பூச்சி ஐயா. தேயிலைக் கொழுந்த ஒன்னோட ஒன்னு ஒட்டிச் சுருட்டி, உள்ள ஒக்காந்து தின்னுற புழு ஒன்னு இருக்கு. அது வளந்து மண்ணு நெறத்துல சின்னப் பூச்சியாவும். அந்தப் பூச்சியத்தான் மருந்தடிக்காமப் பிடிக்கிறேன்னு வந்திருந்தாரு.

அவருக்குச் சாமான் தூக்கத் தோட்டத்த நடத்துற தொரை என்னைய அனுப்பினாரு. மலையில வேல செய்யாம வாயடிச்சிக்கிட்டே இருக்கான், பூச்சிக்கிட்டயாவது பேசட்டும்னு நெனச்சிருப்பாரு.

ஐயா ஒரு டப்பாவத் தொறந்து காட்டினாரு. ஊசி மருந்துப் போத்தல் மூடி மாதிரி ரப்பர் துண்டுங்க.

"தம்பி, பெண் பூச்சி பொழுதுபடுகிற நேரம் ஒரு வாசம் விடும். எங்களுக்கு மணக்காது. ஆண் பூச்சி எங்க நிண்டாலும் அந்த வாசத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்திடும். அதைத்தான் இதுக்குள்ள ஊறவச்சிருக்கு."

"வராம இருக்கவே முடியாதாங்க ஐயா?"

"ஏலாது."

இந்த ஒத்த வார்த்தைதான் என்னையக் கெடுத்துச்சி. எதிர் லயத்து வீட்டு வரிசையில ஒரு பிள்ள இருந்துச்சி. நான் வாரேன்னா வேலிப் பக்கம் திரும்பிக்கிரும். ஆம்பளப் பூச்சிய இழுக்குற வாசம் பொம்பளப் பிள்ளைய மட்டும் இழுக்காமலா போயிரும்னு ஒரு துண்ட எடுத்து பைக்குள்ள போட்டுக்கிட்டேன். அந்தப் பிள்ள திரும்பிக்கூடப் பாக்கல. தும்மிட்டுப் போயிருச்சி.

இது வரைக்கும் சிரிப்புத்தான்.

நான் அப்ப அக்கா, மச்சான் வீட்டுலதான் இருந்தேன். லயத்துல படுக்க ஒரே ஒரு காம்பரா, முன்னால திண்ண மாதிரி ஒரு இஸ்தோப்பு. அக்காவுக்கு ஒரே பொம்பளப் புள்ள. பூச்சி ஐயா வர்றதுக்குக் கொஞ்ச நாளைக்கி முன்னாலதான் அந்தப் புள்ளைக்கிக் காய்ச்சல் வந்து, லொறியில ஏத்தி பதுளை ஆசுபத்திரிக்கிக் கொண்டு போனோம். வழியில ஹாலிஎல தாண்டுறதுக்குள்ள அக்கா மடியிலயே உசிரு போயிருச்சி. அன்னையிலருந்து அக்கா கொழுந்து பறிக்க மலைக்கிப் போறதில்ல. தலை சீவுறதில்ல. சோறு வச்சா தட்டப் பாத்துக்கிட்டே இருக்கும். நான் எத்தனையோ கோமாளித்தனம் பண்ணிப் பாத்தேன். ஒன்னும் நடக்கல.

அன்னைக்கிப் பொழுதுபட ரப்பர் துண்டோட வீட்டுக்கு வந்து சட்டயக் கழட்டி இஸ்தோப்பு ஆணியில மாட்டிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பாத்தா அக்கா சட்ட முன்னால நிக்கிது. பை மேல முழுக்கப் பூச்சி. றெக்கையப் படபடன்னு அடிச்சிக்கிட்டு பைக்குள்ள போகத் தேடுதுங்க.

எங்க லயத்துல, செத்தவங்க பூச்சியா வீட்டுக்கு வருவாங்கன்னு ஒரு பேச்சு. வெளக்கச் சுத்துற பூச்சிய யாரும் அடிக்க மாட்டாங்க. அந்தப் புள்ளையும் உசிரோட இருக்கயில நான் வந்த ஒடனே இந்தப் பைக்குள்ளதான் கையவிட்டு டொபி முட்டாயி தேடும்.

"தம்பி, பாத்தியா? எம்புள்ள மாமன் பையில டொபி தேடுதுடா."

களவெடுத்த சாமான்னு எப்புடிச் சொல்றது? அதுவும் எதுக்குக் களவெடுத்தேன்னு சொல்றது? அதைவிட, எத்தனையோ நாளைக்கிப் பொறகு அக்கா மொகத்துல ஒரு வெளிச்சம்.

"ஆமாக்கா"ன்னு சொல்லிட்டேன்.

அக்கா அன்னைக்கி ரெண்டு வாய் சோறு தின்னுச்சி. மச்சான் என்னைய ஆச்சரியமாப் பாத்தாரு. நான் பெரிய வைத்தியன் மாதிரி வெத்தல போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

மறுநாளு ரப்பரக் கொண்டுபோய் டப்பாவுல போட்டுட்டேன். பூச்சி வீட்டுக்கு வர்றது நின்னுருச்சி. ஆனா அக்கா எந்திரிச்சிருச்சி. தலை சீவி, கூடையக் கட்டி, மலைக்கிக் கெளம்புச்சி. நான் அதோட பிரச்சின முடிஞ்சிதுன்னு நெனச்சேன்.

லயத்துக்கு மேலால இருந்த மலையிலதான் ஐயாவோட வாளிங்க. கம்பு நட்டு, அதுல மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, உள்ள ரப்பர் துண்டு. உள்ள விழுந்த பூச்சிக்கி வெளிய வரத் தெரியாது, உசிரோட கெடக்கும். காலையில ஐயா வந்து எண்ணுவாரு. பூச்சி கொறஞ்சா இந்த மலைக்கி மருந்தடிக்க வேணாம்னு தொரைக்கிட்டச் சொல்றதுதான் அவரு திட்டம். எனக்கும் அதுல ஆசை இருந்துச்சி. மருந்து டேங்கத் தோள்ல தூக்குறவரு எங்க மச்சான். அடிச்சிட்டு வந்தா ராவெல்லாம் இருமுவாரு.

பூச்சி கொறஞ்சிச்சி. வாளிக்குள்ள ஒன்னு ரெண்டுதான். நான் லயம் பூரா, "மருந்து டேங்க வித்துருங்க"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஐயாதான் சுருண்ட கொழுந்தப் பிரிச்சிப் பிரிச்சிப் பாத்துட்டு மொகம் சுளிச்சாரு.

"பூச்சி குறையுது. புழு குறையேல்லை. ஆரோ வாளியைத் திறக்கினம். விடிய வந்து பாரும் தம்பி."

வேலைக்கிப் பேர் குடுக்குற பெரட்டுக்கு முன்னால, பனி மூட்டத்துல போய் மழத்தண்ணிக் கானுக்குள்ள குந்திக்கிட்டேன். அக்கா வந்துச்சி. ஒவ்வொரு வாளியா மூடியத் தொறந்து, கைய உள்ளவிட்டு, வலிக்காத மாதிரி அள்ளி வெளிய விட்டுச்சி. என்னையக் கண்டு பயப்படக்கூட இல்ல.

"எது எம்புள்ளன்னு தெரியலடா. அதான் எல்லாத்தையும் விட்டுர்றேன்."

ஐயாக்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரப்பர் கதை உட்பட. அவரு சிரிக்கல, ஏசவும் இல்ல. கொடைய விரிச்சி விரிச்சி மடக்கினாரு.

"இவ்வளவு நாளும் எண்ணினது ஒண்டுக்கும் உதவாது" அப்புடின்னாரு. கொடையக் கக்கத்துல வச்சிக்கிட்டு, "வாளியளைக் கழட்டி ஆத்துக்கு அங்கால கட்டுவம். அவவிட்ட ஒண்டும் கதைக்காதேயும்."

கழட்டினோம். கம்பு மட்டும் நின்னுச்சி. அக்கா அதுக்குப் பொறகும் விடியக்காலையில போய் ஒவ்வொரு கம்பா நின்னு பாத்துக்கிட்டு வரும். கம்பத் தொட்டுப் பாக்கும். ஒரு நாளு என் கையப் பிடிச்சிக்கிட்டு, "புள்ளைய எங்கடா கொண்டுபோய் அடச்சி வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டுச்சி.

என்னால அதத் தாங்க முடியல. புள்ள எங்கயோ அடபட்டுக் கெடக்குதுன்னு அது நெனக்கிறத எடுத்துப் போட்டாப் போதும்னு தோணுச்சி. அதுக்கு எங்கிட்ட ஒரு நல்ல தெளிவு இருந்துச்சி, விஞ்ஞானத் தெளிவு, ஐயா சொல்லிக் கொடுத்தது.

"அக்கா, அந்த வாளிக்குள்ள வர்றதெல்லாம் ஆம்பளப் பூச்சி. பொம்பளப் பூச்சி ஒன்னுகூட வராது. நம்ம புள்ள பொம்பளப் புள்ள தானேக்கா? அது அதுக்குள்ள இல்ல. நீ கவலப்படாத."

ஐயாவே பெருமப்படுற மாதிரி வெளங்கப்படுத்திட்டேன்னு நெனச்சேன்.

அக்கா கைய விட்டுருச்சி.

"அப்ப அன்னைக்கி ஒன் சட்டையில வந்தது?"

"அதுவும் ஆம்பளதாங்க்கா."

"அப்ப எம்புள்ள வரவே இல்லையா?"

அக்கா காம்பராவுக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சி. மறுநாளு கொழுந்துக் கூடை மூலையிலயே கெடந்துச்சி.

ஆத்துக்கு அங்கால கட்டின வாளியில எண்ணி முடிக்கிறதுக்குள்ள புழு லயத்து மலைய மொட்டையாக்கிருச்சி. தொரை காத்திருக்க மாட்டேன்னுட்டாரு. ஐயா டப்பாவ எடுத்துக்கிட்டு, எல்லாருக்கும் கைகூப்பிட்டு, பதுளை பஸ்ல ஏறிப் போயிட்டாரு. மறுபடி மருந்தடிக்க ஆரம்பிச்சாங்க.

மொத நாளு அடிச்சிட்டு வந்த மச்சான், தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில டேங்கக் கழுவிக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துல நின்னு, அக்காவுக்குப் புரியட்டும்னுதான் சொன்னேன், ஆறுதலாத்தான் சொன்னேன்னு இழுத்தேன். அவரு இருமி முடிச்சி, தண்ணியக் கொட்டிட்டு, என் மொகத்தப் பாக்காமலே சொன்னாரு:

"இனிமே எந்த எழவு வீட்டுக்கும் ஆறுதல் சொல்லப் போயிராத மச்சான்."